லேப்டாப்பில் காலை 9:00, சர்வரில் மதியம் 2:30

ஒரு கூரியர் ஏபிஐ (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் இணைப்பு) தரும் நேரத்தை இந்திய நேரமாகக் காட்ட வேண்டும். மதியம் 2:30க்குக் கொடுத்த பார்சலுக்கு என் லேப்டாப்பில் காலை 9:00 என்று வந்தது. யுடிசியில், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில், ஓடும் சர்வரில் அதே நிரல் 2:30 என்று சரியாகக் காட்டியது.

சர்வர் கடிகாரம், டேட்டாபேஸ் அமைப்பு எல்லாம் பார்த்தாயிற்று, கோளாறு இல்லை. ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டினால் லேப்டாப் சரியாகிறது, சர்வர் கெட்டுப்போகிறது.

துப்பு வேறு இடத்தில் கிடைத்தது. அதே ஏபிஐயில் வெறும் தேதி வரும் இடம் மட்டும் லேப்டாப்பில் அதிகாலை 5:30 என்று காட்டியது. அப்படியானால் அதை யுடிசியாகப் படித்திருக்கிறது! நிரல் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் விதியே அதுதான்: '2024-03-10' என்று தேதி மட்டும் இருந்தால் யுடிசி, கூடவே நேரமும் வந்து, எந்த ஊர் நேரம் என்று சொல்லும் மண்டலக் குறி இல்லாவிட்டால் உள்ளூர் நேரம். ஏபிஐ ஆவணம் எல்லாமே யுடிசி என்கிறது. ஆனால் அதைச் சொல்லும் 'இசட்' எழுத்து கடைசியில் வருவதே இல்லை. அதனால் யுடிசி 9:00ஐ லேப்டாப் இந்திய நேரம் 9:00 என்றே படித்துவிட்டது.

இசட்டோ, +05:30 போன்ற குறியோ இல்லாத நேரங்களுக்கு மட்டும் இசட் சேர்த்தேன். இரண்டு இடத்திலும் 2:30. அப்பாடா!

வெறும் தேதியை இப்போது எழுத்தாகவே வைத்துக்கொள்கிறேன். நேரமாக மாற்றி நியூயார்க் நேரத்தில் காட்டினால் முந்தைய நாளாகிவிடும்.