எந்த வருஷத்து வெள்ளம் இது?

ஆடி பிறந்ததும் ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடுகிறதோ இல்லையோ, எங்கள் ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் கூடிவிடும். ஐந்தருவி மூழ்கிச் செம்மண் நிறத்தில் பாய்கிற வீடியோ ஒன்று, கீழே 'இப்போதைய நிலை, உடனே பகிரவும்'. எந்த வருஷத்து 'இப்போது' என்று யாரும் கேட்பதில்லை. பெங்களூரிலிருந்து கிளம்ப இருந்த மச்சான் பயணத்தையே விட்டுவிடுகிறார். பரிசல்காரர் கரையில் ஆள் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

குரூப்பில் நாம் செய்கிற தவறுகளில் முதலாவது இதுதான், தேதியும் இடமும் இல்லாததை அனுப்புவது. நிஜமாகவே நீர்வரத்து ஏறினால், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் அளந்த கன அடிக் கணக்கு செய்தியில் வரும். பரிசலுக்கும் குளிக்கவும் தடை என்று மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும். இரண்டும் இல்லாத வீடியோவைப் பழைய படம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் வண்டிகள் அடித்துக்கொண்டு போன வீடியோ முழுக்க உண்மை. அதையே அடுத்த மழைக்கு அனுப்பினால் அதுவும் பொய்தான்.

பார்வர்டு செய்யுமுன் மேலே இருக்கிற அம்புக்குறியைப் பாருங்கள். இரட்டை அம்பு இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கையாவது மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடிகிறது. நம்ம ஆட்கள் விடுவார்களா? எழுத்தை காப்பி செய்து ஒட்டுகிறார்கள், படம் என்றால் ஸ்கிரீன்ஷாட். அம்பு போய்விடும், சொந்தச் சரக்கு மாதிரி ஆகிவிடும். என்னைக் கேட்டால் பார்வர்டைவிடப் பெரிய தவறு இது.

இதற்கெல்லாம் கட்டுப்பாடு எதற்கு என்பவர்களுக்கு 2018 ஞாபகம் இருக்க வேண்டும். பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி இங்கெல்லாம் சுற்றிய நேரம். அந்த மே மாதம், பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்குப் போன வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். வேறு மாநிலங்களிலும் இப்படி உயிர்கள் போன பிறகே, அதே வருஷம் ஜூலையில் இந்தியாவில் ஐந்து சாட்டுக்கு மேல் பார்வர்டு ஆகாதபடி வாட்ஸ்அப் செய்தது.

விலைச் செய்தியில் வேறு வகைத் தவறு. ராயக்கோட்டை தக்காளி மண்டி விலை என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். அது நேற்றைய விலை. பாலக்கோடு பக்கத்து ஆள் அதை நம்பிப் பறித்து டெம்போ ஏற்றிவிட்டால், வாடகைக்குக்கூடக் கட்டாது. நான்கு நிமிட வாய்ஸ் மெசேஜின் கடைசியில் விலையைச் சொல்கிற பெரியப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: எண்ணை மட்டுமாவது எழுத்தில் போடுங்கள். தோட்டத்தில் நிற்கிறவன் காதில் போன் வைத்துக் கேட்க முடியாது.

தெரிந்தவர் எண்ணிலிருந்தே 'உங்களுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்' என்று வந்தால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கொடுத்தால் உங்கள் வாட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும், அடுத்து உங்கள் பெயரில் சொந்தக்காரர்களிடம் கடன் கேட்பார்கள். பணம் போய்விட்டால் கூச்சப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னொன்று, தவறானதை அனுப்பிவிட்டுச் சத்தமில்லாமல் அழித்துவிடுவது. அனுப்பி இரண்டு நாளுக்குள் எல்லோருக்கும் அழிக்கலாம்தான். ஆனால் அதற்குள் அடுத்த குரூப்புக்குப் போன பிரதி அங்கேயே கிடக்கும். 'காலையில் நான் போட்டது பழைய வீடியோ' என்று ஒரு வரி எழுதினால், அதை அடுத்த குரூப்புக்கு அனுப்பியவரும் அங்கே போய்ச் சொல்லுவார்.

எங்கள் குரூப்பில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மழை என்றால் 'செவ்வாய், மாலை 4.10, எங்கள் தெரு, தூறல்' என்று எழுதுவார். கேலி செய்தவர்கள் நிறையப் பேர். இப்போது களத்தில் ராகி காயப்போடுகிறவர்கள் அவர் மெசேஜைத்தான் தேடுகிறார்கள்.