புள்ளைக்கு முடி வரலயா? கிளினிக் போறதுக்கு முந்தி குடும்பத்த ஒரு தாள்ல வரைங்க

எங்க சித்தப்பா பேத்தி பொறந்தப்ப தல நெறய முடி, மூணு மாசத்துல அம்புட்டும் கொட்டிருச்சி, புருவம் கூட மிஞ்சல. மொட்ட அடிச்சா அடத்தியா வரும்னு ரெண்டு தடவ அடிச்சாங்க, ஹட்டன்ல ஒரு எண்ண, பதுளையில ஒரு எண்ணன்னு காசு போனதுதான் மிச்சம். கடைசில ஸ்கின் கிளினிக்ல கேட்ட மொத கேள்வி, "குடும்பத்துல வேற யாருக்காவது இப்புடி இருக்கா?" ஒருத்தருக்கும் பதில் சொல்லத் தெரியல.

அதுக்குத்தான் இந்தப் படம், பழைய காலண்டர் பின்பக்கமே போதும். ஆம்பளைக்கு சதுரம், பொம்பளைக்கு வட்டம், புருசன் பொஞ்சாதிக்கு நடுவுல கோடு, புள்ளைங்க கீழ. நோய் இருக்கவங்கள கறுப்படிங்க, செத்தவங்க மேல சாய்வா ஒரு கோடு. சொந்தத்துல கட்டியிருந்தா ரெட்டக்கோடு, இத மட்டும் மறைக்காதீங்க, ஏசுவாங்கன்னு பயந்து "தூரத்து சொந்தம்"னு சொல்லிட்டா படமே பிழையாப் போயிரும். நம்ம பக்கம் மாமன் மகள கட்டுறது வழமதானே.

ஏன் கேக்குறாங்கன்னா, இந்த மாதிரி நோய்ல சிலது தாய்கிட்ட ஒண்ணு தகப்பன்கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு பழுதான ஜீன் (மரபணு) சேந்தாத்தான் வரும், ஒண்ணு மட்டும் இருக்கவங்க நல்லாத்தான் இருப்பாங்க. மாமன் மக, அத்த மகன்னா ஜீன்ல எட்டுல ஒரு பங்கு பொது, தாய்மாமனே கட்டிக்கிட்டா நாலுல ஒரு பங்கு. 1998ல கொலம்பியா பல்கலைக்கழகத்துல ஏஞ்சலா கிறிஸ்டியானோவோட குழு 8வது குரோமோசோம்ல (ஜீன் எல்லாம் அடுக்கியிருக்க இழை) "ஹெயார்லெஸ்"ங்கிற ஜீன்ல பழுது இருந்தா இப்புடி முடியே இல்லாம போகும்னு கண்டுபுடிச்சது கூட சொந்தத்துக்குள்ள கட்டுன ஒரு பாகிஸ்தான் குடும்பத்த வச்சிதான், அங்கயும் இதே வட்டமும் சதுரமும்தான். அதனால மருமக வயித்துல கோளாறுன்னு பேசுற வாய இந்தப் படத்த காட்டியே அடைச்சிரலாம். இன்னொண்ணு, தாய் தகப்பன் ரெண்டு பேருகிட்டயும் ஒவ்வொரு பழுது ஜீன் இருக்கு, புள்ளைக்கு நோய் வர்றதுக்கு நாலுல ஒரு வாய்ப்புன்னு டொக்டர் சொன்னா "மூத்ததுக்கு வந்துருச்சி, இனி மூணுக்கு வராது"ன்னு கணக்குப் போடாதீங்க, ஒவ்வொரு தடவயும் அதே 25 வீதம்தான்.

விவரம் கேக்க அம்மாயிகிட்ட (பாட்டிகிட்ட) போங்க, ஆனா எல்லாரும் கூடியிருக்கப்ப வேணாம், அடுப்படில தனியா இருக்கப்ப கேளுங்க. எங்க அம்மாயி மொதல்ல அஞ்சு புள்ளன்னாங்க, தேத்தண்ணி ஆறுற வரைக்கும் பேசாம இருந்துட்டு, பழைய லயத்துல (தோட்டத்து வரிச வீட்டுல) இருந்தப்ப ஒரு புள்ள ஆறு மாசத்துல செத்துப் போச்சு, அதுக்கும் தலையில முடியே இல்லன்னாங்க, அது யாருக்குமே தெரியாது. சர்டிபிகேட்ல ஒரு பேரும் வீட்டுல ஒரு பேருமா இருக்கும், ரெண்டையும் எழுதிக்கங்க, இல்லாட்டி ஒரே ஆளு ரெண்டு எடத்துல வந்துருவாரு.

முடிய மட்டும் பாக்காதீங்க. பல்லு கூரா, கொறவா இருக்கா, நகம் எப்புடி, தோல்ல சின்னச் சின்னதா பரு மாதிரி இருக்கா, கால் வளையுதான்னு எழுதுங்க. கால் வளைஞ்சா விட்டமின் டி வேல செய்யாத வேறொரு நோயா இருக்கலாம், அதுக்கு வைத்தியமே வேற. வேர்க்குதான்னும் பாருங்க, நுவரெலியா குளிருல வேர்க்காதது யாருக்கும் தெரியாது, கொழும்பு வெக்கையில கல்யாணத்துக்குப் போனா வேர்க்காத புள்ளைக்கு காரணமில்லாம காய்ச்சல் அடிக்கும். புழுவெட்டு வேற, அது நம்ம ஒடம்பே முடி வேர தாக்குறதால வர்றது. அதுக்கு 2022ல அமெரிக்காவுல பாரிசிடினிப்னு ஒரு மாத்திரைக்கு அனுமதி குடுத்தாங்க, ஆனா ஹெயார்லெஸ் பழுதுக்கு அது மருந்தில்ல, ரெண்டையும் கொழப்பி வீணா மருந்து குடுக்குறதும் நடக்குது.

படத்த கிளினிக் கொப்பிக்குள்ள வச்சி எடுத்துட்டுப் போய், ஜெனடிக் டெஸ்ட்டுக்கு எங்க அனுப்புவீங்கன்னு கேளுங்க, கொழும்பு மருத்துவ பீடத்துலயும் மரபணு பிரிவு இருக்கு. ஆராய்ச்சிக்கு ரத்தம் கேட்டா பேப்பர்ல ஒடனே கையெழுத்து வைக்காதீங்க, தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. ரிசல்ட் நமக்கு வருமா, புள்ள போட்டோவ எங்க போடுவீங்க, நடுவுல வேணாம்னு சொல்லலாமா, மூணயும் கேளுங்க.

பென்சில்லயே வரைங்க. சித்தப்பா மருமக இப்ப திரும்ப மாசமா இருக்கா, ஆணா பொண்ணான்னு தெரியாததால அதுக்கு டயமண்ட் போட்டு வச்சிருக்கோம்.