கொடைக்கானல் ஈரத்தில் ஒரு மகோகனி வேகப்படகு கட்டும் முறை

1922ஆம் ஆண்டில் மின்னசோட்டா மாநிலத்து லேக் சிட்டி ஊரில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயது இளைஞர் இரண்டு பைன் பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, படகு இழுக்கப் பெபின் ஏரியின் மீது நின்றபடி வழுக்கிச் சென்றார். நீர்ச்சறுக்கு விளையாட்டு அங்கே தொடங்கியது. அந்த விளையாட்டு பரவிய காலத்தில் சறுக்குபவரை இழுத்த மரப்படகுகளுள், கிறிஸ் கிராஃப்ட் நிறுவனம் 1939 முதல் 1942 வரை கட்டிய, பின்பாதி பீப்பாயின் வயிறு போல் உருண்டு உள்வாங்கும் வகைக்கு இணையான அழகு வேறெந்தப் படகிலும் இல்லை என்பது என் முடிவு. அந்த வடிவத்தில் 17 அடி நீளப் படகு ஒன்றைக் கொடைக்கானல் மலையில், தகரக் கூரை வேய்ந்த ஒரு கொட்டகையில் கட்ட விரும்புபவருக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி ஒரு கொட்டகையில்தான் கட்டினேன்.

வரைபடத்தையோ மரத்தையோ தேடுவதற்கு முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். பழைய படகின் தோற்றத்தை அப்படியே கொண்டுவரலாம். பழைய கட்டுமான முறையை இந்த மலையில் அப்படியே பின்பற்றக் கூடாது. அசல் படகுகளின் அடிப்பகுதி இரண்டு அடுக்குப் பலகைகளால் ஆனது. நடுவே பசைக்கலவை தோய்ந்த கான்வாஸ் துணி இருக்கும். படகை நீரில் இறக்கினால் பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். அதுவரை நீர் கசியும். கோடை முழுவதும் நீரிலேயே கிடக்கும் படகுக்கு அது பொருந்தும். நம் படகோ ஆண்டில் பெரும்பகுதி கொட்டகையில் இருக்கும், அவ்வப்போது வண்டியில் ஏறி வத்தலக்குண்டு வழியாகச் சமவெளிக்கு இறங்கும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக இருக்கும் நாட்களில் மரம் தன் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நீரை வைத்துக்கொள்கிறது. 60 விழுக்காடாகக் குறைந்தால் அது 11 ஆகிவிடுகிறது. 15 சென்டிமீட்டர் அகல மகோகனிப் பலகை இந்த ஒரு மாற்றத்திலேயே ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கக்கூடும். பலகைக்குப் பலகை அப்படிச் சுருங்கினால், இடைவெளியில் நார் திணித்து அடைக்கும் எந்தக் கலப்பத்து வேலையும் நிற்காது. ஆகவே மெல்லிய அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக எப்பாக்சிப் பிசினால் ஒட்டி, உள்ளும் புறமும் அதே பிசினால் மூடிவிடும் முறைதான் இங்கே ஏற்றது. வெளியடுக்கு மட்டும் மகோகனியாக இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது பழைய படகாகவே தெரியும்.

மரத்தில் சிக்கனம் பார்க்கும் ஆசை மலையில் எளிதில் வரும். எஸ்டேட்டுகளில் சில்வர் ஓக்கும், தைலமரமும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. அவற்றைக் கட்டுமானச் சட்டத்துக்கும் முட்டுக்கும் பயன்படுத்தலாம். படகின் உடம்பில் ஒரு துண்டுகூடச் சேர்க்கக் கூடாது. சில்வர் ஓக் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும், தைலமரம் முறுக்கிக்கொள்ளும். வங்குகள் எனும் குறுக்கு விலாச்சட்டங்களுக்கும், ஏரா எனும் அடி முதுகெலும்புக் கட்டைக்கும் முதிர்ந்த மகோகனி அல்லது தேக்கு வேண்டும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தபின் உடனே பிசின் பூச வேண்டும். வெளிப்பலகைக்கு மகோகனி கட்டுப்படியாகாவிட்டால் சந்தன வேம்பைத் தயங்காமல் எடுக்கலாம். அதுவும் மகோகனியின் குடும்பமே. ஆஸ்திரேலியாவில் செந்நிற தேவதாரு என்ற பெயரில் படகுகளுக்குப் பயன்பட்ட மரமும் இதுதான். சமவெளித் தோட்டங்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெட்டிய இளம் மகோகனி வெளிறியும் இலேசாகவும் இருக்கும். அதை வாங்க வேண்டாம். மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி தேவை என்பதால், பக்கத்துத் தோட்டத்தில் சாய்ந்து கிடக்கும் மரத்தைப் பேசி முடிப்பதைவிட, உரிமம் பெற்ற டிப்போவில் ரசீதுடன் வாங்குவது நல்லது. வாங்கிய பலகைகளைக் கொட்டகையிலேயே இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, ஈரமானியில் 12 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் காத்திருப்பு ஒரு மழைக்காலம் முழுவதும் நீண்டது.

அந்த மழைக்காலத்தை வரைவுக்குக் கொடுத்துவிடலாம். படகின் அளவு அட்டவணையில் உள்ள புள்ளிகளைத் தரையில் விரித்த பிளைவுட்டின் மேல் முழு அளவில் குறித்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஓர் ஆணியை நிறுத்தி, கணுவில்லாத மெல்லிய ரீப்பரை அவற்றின் மேல் வளைத்துப் பார்க்க வேண்டும். ரீப்பர் ஓரிடத்தில் நெளிந்தால் புள்ளிதான் தவறு. ரீப்பரை நம்பிப் புள்ளியை நகர்த்த வேண்டும். தாளில் ஒரு மில்லிமீட்டராக இருக்கும் பிழை முழு அளவில் விரல் பருமனாகிவிடும் என்பதால், பக்கம், மேல், முன் ஆகிய மூன்று கோணங்களிலும் கோடுகள் ஒத்துப்போகும்வரை மரத்தைத் தொடாதிருப்பதே உத்தமம்.

படகைக் கவிழ்த்த நிலையில்தான் கட்ட வேண்டும். ரசமட்டம் பார்த்துத் தரையோடு பிணைத்த இரண்டு நீண்ட உத்தரங்களின் மேல், அணியம் எனும் முன்முனையிலிருந்து அமரம் எனும் பின்முனை வரை வங்குகளை வரிசையாக நிறுத்தி, நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டி, ஒவ்வொரு வங்கின் நடுக்கோட்டிலும் தூக்குக்குண்டு விட்டுச் சரிபார்க்க வேண்டும். பிறகு ஏரா, அடித்தட்டும் பக்கமும் கூடும் சைன் விளிம்புக் கட்டைகள், மேல்விளிம்புக் கட்டைகள், எஞ்சினைத் தாங்கி ஏறக்குறைய முழுநீளத்துக்கும் ஓடும் இரண்டு நெடுங்கட்டைகள் ஆகியவை இந்த வங்குகளில் வெட்டிய பள்ளங்களில் உட்காரும். எனக்குத் துணை நின்ற பண்ணைக்காட்டு ஆசாரி வீட்டு நிலையும் கதவும் செய்தே பழகியவர். படகு அவருக்குப் புதிது. ஆனாலும் நான் பலகை அடிக்க அவசரப்பட்டபோது, "தம்பி, வங்கோட முகத்தை இன்னும் இழைக்கணும். பலகை மூணு வங்கையும் ஒண்ணாத் தொடுதான்னு பாருங்க" என்று நிறுத்தினார். அவர் சொன்னதே முழு இலக்கணமும். பலகை வளைந்து செல்லும் திசைக்கேற்ப ஒவ்வொரு வங்கின் வெளிமுகத்தையும் சாய்வாக இழைக்க வேண்டும். ரீப்பரை எந்தத் திசையில் வைத்து அழுத்தினாலும் இடைவெளி தெரியக் கூடாது. இழைப்புளியின் அலகை நாளுக்கு இருமுறை சாணை பிடித்தும் இந்த வேலை எங்களுக்கு ஐந்து வாரம் எடுத்தது. அதில் ஒரு நாளும் வீணில்லை.

அடித்தட்டின் பின்பகுதியில் அதிகக் கவனம் தேவை. சறுக்குபவரை இழுக்கும் படகு நீரை உழுது செல்லாமல் நீரின் மேல் ஏறி ஓட வேண்டும்; பின்னால் எழும் அலையும் தாழ்வாக இருக்க வேண்டும். அதற்காக அடித்தட்டு அமரத்தை நெருங்க நெருங்கத் தட்டையாகிறது; கடைசி இரண்டு மீட்டர் நீளவாக்கில் நேர்கோடாக இருக்க வேண்டும். அங்கே உட்குழிவு விழுந்தால் ஓடும்போது படகின் மூக்கு தாழ்ந்து நீரைக் குத்தும். வெளிப்புடைப்பு விழுந்தால் மூக்கு எழுந்தும் விழுந்தும் குதித்துக்கொண்டே போகும். நேர்ச்சட்டம் ஒன்றை நீளவாக்கில் வைத்து, அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்க் குழியும் வெளிச்சக் கீற்றாகத் தெரியும். அமரப் பலகையோடு அடித்தட்டு கூடும் விளிம்பை உருட்டி மழுக்கக் கூடாது. அது கூர்மையாக இருந்தால்தான் நீர் அங்கே சட்டெனப் பிரியும்.

அடித்தட்டுக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தரத்து 6 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டை ஒரு சாண் அகலக் கீற்றுகளாக அறுத்து, முதல் அடுக்கை ஏராவுக்கு 45 பாகைச் சாய்விலும், இரண்டாவதை அதற்கு எதிர்ச்சாய்விலும், அதன்மேல் 9 மில்லிமீட்டர் மகோகனிப் பலகையை நீளவாக்கிலும் ஒட்ட வேண்டும். பக்கங்களுக்கு உள்ளே ஒரு சாய்வடுக்கும் வெளியே மகோகனியும் போதும். பீப்பாய் போல் உருளும் பின்பகுதியில் அகலக் கீற்று மடங்க மறுக்கும். அங்கே 3 மில்லிமீட்டர் மரத்தகடுகளை நான்கு விரல் அகலத்தில் வெட்டி, அடுக்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டு இறுகும்வரை அடுக்குகளைத் திருகுகளால் பிடித்து வைத்து, பிறகு திருகுகளைக் கழற்றித் துளைகளை அதே மரத்தின் முளைகளால், ரேகை ஒத்துப்போகும்படி அடைக்கலாம். நிலையாகத் தங்கும் திருகுகள் சிலிக்கான் வெண்கலமாகவோ 316 தரத்து எவர்சில்வராகவோ இருக்க வேண்டும். இரும்பு ஆணி மகோகனியில் கரிய கறையை ஏற்படுத்தும். அந்தக் கறை பிறகு போகாது.

எப்பாக்சியின் போக்கைச் சமவெளி அளவுகளை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. வெப்பம் 10 செல்சியஸ் பாகை குறைந்தால் பிசின் இறுகும் நேரம் ஏறத்தாழ இருமடங்காகும். சனவரி இரவில் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும் கொட்டகையில், மதுரையில் மாலைக்குள் இறுகிய கலவை மறுநாளும் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். பிசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுபவர் கெட்டியாகாத பூச்சைச் சுரண்டும் நிலைக்கு வருவார். குளிரில் பிசின் தேன்போல் கெட்டியாகும் என்பதால் டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி இளக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு சிக்கல் மூடுபனி. மரத்தினுள் இருக்கும் காற்று, மரம் சூடேறும்போது வெளியேறிப் பூச்சில் குமிழிகளை எழுப்பும். மரம் ஆறும்போது பூச்சை உள்ளிழுக்கும். ஆகவே வெயில் தாழும் வேளையில் பூசுவதுதான் முறை. கொடைக்கானலிலோ அதே வேளையில்தான் பள்ளத்தாக்கிலிருந்து பனி ஏறி வருகிறது. முதல் ஆண்டில் ஒரு பிற்பகல், வானம் தெளிவாக இருந்ததை நம்பிக் கதவைத் திறந்து வைத்தபடி முழுப் பக்கத்தையும் பூசினேன். நான்கு மணிக்குப் பனி உள்ளே வந்தது. காலையில் பக்கம் முழுவதும் மெழுகு பூசியதுபோல் மங்கியிருந்தது. ஈரமும் கரியமில வாயுவும் ஹார்டனரோடு சேர்ந்து உண்டாக்கும் படலம் அது. உப்புத்தாளால் தேய்த்தால் அது பிசின் பரப்பு முழுவதும் பரவுமேயன்றிப் போகாது. வெறும் நீரும் நாரும் கொண்டு கழுவித் துடைத்த பின்னரே தேய்க்க வேண்டும். அதற்குப் பிறகு நான் கடைப்பிடித்த முறை இதுதான்: முந்தைய இரவே கொட்டகையைத் தார்ப்பாயால் மூடி, மின்விளக்குகளால் மரத்தைச் சூடேற்றி, காலை பத்து மணிக்கு விளக்குகளை அணைத்து, மரம் ஆறத் தொடங்கியதும் பூசி, பிசின் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின் விளக்குகளை மீண்டும் ஏற்றினேன். மண்ணெண்ணெய் அடுப்பையும் கேஸ் அடுப்பையும் வைக்கவே கூடாது. அவை எரியும்போது வெளிவிடுவதே நீராவியும் கரியமில வாயுவும்தான். ஒட்டுவேலை முழுவதையும் பிப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில் முடித்துவிடுவது மேல்.

படகை நிமிர்த்திய பிறகு வரும் மேல்தட்டு, இருக்கை, கண்ணாடி ஆகிய வேலைகளைப் பொறுமையுள்ள எந்தத் தச்சரும் செய்துவிடுவார். மேல்தட்டின் மகோகனிக் கீற்றுகளுக்கிடையே வெளிர்நிறக் கோடு ஓடுவதுதான் பழைய படகின் அடையாளம் என்பதால், மூன்று மில்லிமீட்டர்க் காடி இழுத்து அதைத் தவறாமல் நிரப்ப வேண்டும். செந்நிறம் ஏற்றிய மரநிரப்பியை மரத்தின் நுண்துளைகளில் தேய்த்தபின் வார்னிஷ். இதில் அளவைக் குறைக்கவே கூடாது. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. நம் ஊரோ இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. எப்பாக்சி அந்தக் கதிரில் மஞ்சளாகிப் பொடியும். கதிர்த் தடுப்புள்ள வார்னிஷைப் பத்துப் பூச்சாவது, பூச்சுக்குப் பூச்சு மெல்லத் தேய்த்து ஏற்ற வேண்டும்.

இழுவைக் கயிற்றைக் கட்டும் தூண் மேல்தட்டில் அல்ல, ஏராவிலும் எஞ்சின் நெடுங்கட்டைகளிலும் பிணைந்திருக்க வேண்டும். படகின் நடுவை ஒட்டி இருந்தால்தான் சறுக்குபவர் ஒருபக்கம் விலகி இழுக்கும்போதும் சுக்கான் கட்டுப்படும். பெட்ரோல் எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு சக்தியை இழக்கிறது. ஏழாயிரம் அடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதால், மலையில் ஓட்டப்போகும் படகுக்குக் குறைந்த பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ள உந்துவிசிறி வேண்டும், கார்புரேட்டர் ஜெட்டையும் சிறிதாக்க வேண்டும். கொடைக்கானல் ஏரி துடுப்புப் படகுக்கும் மிதிபடகுக்கும் உரிய நீர். எஞ்சின் படகை அங்கே எண்ணிப் பார்க்க வேண்டாம். எந்த நீர்த்தேக்கத்தில் ஓட்டப்போகிறீர்களோ அதை நிர்வகிப்பவரின் அனுமதியையும், 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படியான பதிவையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால், அதற்கேற்ற உந்துவிசிறியையும் அப்போதே வாங்கிவிடலாம். எஞ்சின் அறைக்கு ஒரு காற்றோட்ட விசிறி கட்டாயம். இயக்குவதற்கு முன் நான்கு நிமிடம் அதை ஓடவிட்டுத் தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்ற வேண்டும்.

நீரில் இறக்கும் நாளில் உடனே ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும். மரப்படகின் உடம்பு வண்டியின் மேல் ஒரு வடிவத்திலும் நீரில் மிதக்கும்போது இன்னொரு வடிவத்திலும் இருக்கும் என்பதால், கொட்டகையில் நேர்செய்த எஞ்சினும் சுழல்தண்டும் நீரில் சற்று விலகியிருக்கும். ஒரு நாள் முழுதும் படகைக் கரையில் கட்டி மிதக்கவிட்டு, மறுநாள் அவ்விரண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி, அதன் இரு தகடுகளுக்கும் இடையிலான வெளியை நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத்தகடுகளால் அளந்து, வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்குள் வரும்வரை எஞ்சின் பாதங்களை ஏற்றியிறக்கி, போல்ட்டுகளைத் திரும்பப் பூட்டிய பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.