வேளாங்கண்ணி நடைபயணம்: காலும் ஜெபமும்

சென்னையிலிருந்து வேளாங்கண்ணி ஏறத்தாழ 320 கி.மீ. ஆகஸ்ட் 29 மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேர, நாளுக்கு 25 முதல் 30 கி.மீ. வீதம் 12 நாள் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி 9 மணிக்குள் பெரும்பகுதியை முடித்துவிடுங்கள். பிறகு தார் கொதிக்கும்.

பலரைப் பாதியில் பஸ் ஏற்றிவிடுவது கொப்புளம்தான். புதுச் செருப்பு வேண்டாம். தோல் சிவந்து எரியத் தொடங்கியதுமே பிளாஸ்திரி ஒட்டுங்கள்; கொப்புளம் எழும்பிய பிறகு பலன் குறைவு. இருட்டில் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டி தெரியும்படி, ஒற்றை வரிசையில் நடங்கள்.

முதல் ஒரு மணி நேரம் பேச்சும் போனும் வேண்டாம். அடுத்து ஜெபமாலை: பத்துப் பத்து மணிகளாக 5 பத்துகள், சுமார் 20 நிமிடம். ஒவ்வொரு பத்தையும் ஒருவருக்காக ஒப்புக்கொடுங்கள். ஒலிபெருக்கி வண்டியை ஒட்டியே நடந்தால் மனம் எங்கே அடங்கும்? நூறடி பின்தங்குங்கள். பாவசங்கீர்த்தனத்தை (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவதை) கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். திருவிழாக் கூட்டத்தில் வரிசை நீளும்.