மவுஸை மாற்றும் முன் டாங்கிளை இடம் மாற்றிப் பாருங்கள்

சித்தப்பா பையன் போன மாதம் கூப்பிட்டு, "அண்ணே, மவுஸ் செத்துப் போச்சு, நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்றான். மூன்று மாதத்தில் அது இரண்டாவது மவுஸ். நேரில் போய்ப் பார்த்தேன், பத்து நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் கல்யாண வீடியோவை காப்பி செய்கிறேன் என்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைச் செருகினான், உடனே அம்புக்குறி நொண்டியடிக்க ஆரம்பித்துவிட்டது. கேபிளைப் பிடுங்கினால் சரியாகிறது, செருகினால் திரும்ப நொண்டுகிறது. மவுஸின் டாங்கிள், அதாவது மவுஸின் சிக்னலை வாங்க கம்ப்யூட்டரில் செருகும் அந்தக் குட்டி யூஎஸ்பி துண்டு, இருந்தது ஹார்ட் டிஸ்க்குக்கு ஒட்டினாற்போல பக்கத்து போர்ட்டில்.

அந்த ஹார்ட் டிஸ்க் பயன்படுத்தும் யூஎஸ்பி 3.0 விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை அனுப்பும்போது அந்த கேபிளும் இணைப்பானும் கொஞ்சம் ரேடியோ இரைச்சலையும் கக்குகின்றன, அது வந்து விழுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம், அதாவது வயர்லெஸ் மவுஸ், புளூடூத், பழைய வைஃபை எல்லாம் பேசிக்கொள்ளும் அதே இடத்தில். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் இன்றைக்கும் ஆட்கள் 'நீல (யூஎஸ்பி 3.0) போர்ட் வேகமானது' என்று தேடிப்போய் டாங்கிளை அதில் செருகுகிறார்கள். மவுஸ் அனுப்புவது துக்கடா தரவு, அதற்கு அந்த வேகத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

செய்ய வேண்டியது டாங்கிளை லேப்டாப்பின் மறுபக்கம் மாற்றுவதுதான். ஒரே பக்கத்தில்தான் போர்ட் இருக்கிறது என்றால் சின்ன யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று வாங்கி, டாங்கிளை மவுஸ் பக்கமாக இழுத்து வைத்துவிடுங்கள். மேசைக்கு அடியில், சிபியு பெட்டியின் பின்பக்கம், சுவரைப் பார்த்து டாங்கிள் செருகியிருப்பவர்களுக்கும் இதேதான். தகரப் பெட்டியைச் சுற்றி சிக்னல் வர வேண்டியிருக்கிறதே. தம்பிக்கும் இந்தக் கேபிளைத்தான் போட்டுக் கொடுத்தேன், 'செத்துப் போன' முதல் மவுஸும் இப்போது ஓடுகிறது.

அடுத்து, உங்களுடைய மவுஸ் டாங்கிள் வகையா, புளூடூத் வகையா என்றே தெரியாமல் சண்டை போடுவது. டாங்கிளில் மட்டும் வேலை செய்யும் மவுஸை புளூடூத் பட்டியலில் எத்தனை தடவை தேடினாலும் வராது. புது மவுஸ் வாங்கி டாங்கிளே இல்லை என்று கடைக்காரரிடம் கத்துவதற்கு முன்னால் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். டாங்கிள் தொலைந்தால் வேறொரு மவுஸின் டாங்கிளைப் போட்டு ஓட்டலாம் என்பது பொதுவாக நடக்காத காரியம். விதிவிலக்கு, லாஜிடெக் கம்பெனியின் யூனிஃபையிங் வகை டாங்கிள், ஆரஞ்சு நிறக் குறி போட்டது, அதே வகைச் சாதனங்கள் 6 வரை சேர்த்துக்கொள்ளும். அவர்களே பிறகு கொண்டுவந்த போல்ட் வகைக்கும் இதற்கும் ஒத்துப்போகாது, கடையில் கேட்டு வாங்குங்கள். அப்புறம், கண்ணாடி மேசையில் வைத்து மவுஸ் குதிக்கிறது என்றால் அது இணைப்புக் கோளாறே இல்லை. அடியில் ஒரு நோட்டை வையுங்கள்.

ஹெட்போன் கதை வேறு. இங்கே நடக்கும் முதல் தவறு, ஆன் செய்ததையே பேரிங் (புதுக் கருவியோடு ஜோடி சேர்ப்பது) என்று நினைப்பது. ஆன் ஆனதும் அது பழைய கூட்டாளியைத் தேடும், புதியவர்களுக்கு முகம் காட்டாது. பெரும்பாலான மாடல்களில் ஆன் ஆன பிறகும் விரலை எடுக்காமல் சில விநாடி அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், விளக்கு மாறி மாறி மின்னினால்தான் கம்ப்யூட்டர் கண்ணில் படும். படவே இல்லை என்றால் உங்கள் போனைச் சந்தேகப்படுங்கள். சட்டைப் பையில் இருக்கிற போன் அதற்குள் ஹெட்போனைக் கவ்விக்கொண்டிருக்கும். போனில் புளூடூத்தை அணைத்துவிட்டு முயற்சி செய்தாலே பாதிப் பஞ்சாயத்து முடிந்துவிடும்.

எனக்கு அதிகம் வரும் புகார், "பாட்டு நல்லாக் கேக்குது, மீட்டிங்ல சேர்ந்தா மட்டும் கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு." ஹெட்போன் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி மாற்றிக் கொடுக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும், ஒரு காலத்தில் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். வழக்கமான புளூடூத் பாட்டுக்கு ஒரு வழியையும் பேச்சுக்கு இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. பாட்டு வழியில் ஸ்டீரியோ உண்டு, மைக் கிடையாது. மைக் வேண்டும் என்று ஏதாவது ஒரு செயலி கேட்டதுமே எல்லாம் பேச்சு வழிக்கு இறங்கிவிடும். அதில் ஒலி ஒற்றைத் தடம், 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் வேகம் (ஒலியை விநாடிக்கு எத்தனை தடவை அளந்து எடுக்கிறது என்பது), கிட்டத்தட்ட டெலிபோன் தரம். (புளூடூத் எல்இ ஆடியோ என்ற புது முறையில் இந்தச் சங்கடம் குறைவு, ஆனால் ஹெட்போன், கம்ப்யூட்டர் இரண்டிலுமே அது இருக்க வேண்டும்.) அதனால் மீட்டிங் செயலியின் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும் மைக்குக்கு லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்வு செய்யுங்கள், கிணறு மறைந்துவிடும். விண்டோஸில் ஒரே ஹெட்போன் இரண்டு பெயரில் தெரிந்தால் 'ஹேண்ட்ஸ் ஃப்ரீ' என்று இருப்பதுதான் அந்தக் கிணறு, பாட்டுக்கு அதைத் தொடாதீர்கள். 'கனெக்டெட்' என்று காட்டியும் சத்தம் லேப்டாப்பிலிருந்தே வந்தால், டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் படத்தில் வெளியீட்டை மாற்றினால் போதும்.

திரும்பத் திரும்ப 'கனெக்ட்' பொத்தானைக் குத்துவதும் வீண் வேலை. பழைய பதிவு கெட்டிருந்தால் நூறு தடவை குத்தினாலும் அதே பதில்தான். 'ரிமூவ் டிவைஸ்' கொடுத்து கம்ப்யூட்டரிலிருந்து நீக்குங்கள், ஹெட்போனிலும் ரீசெட் வழி இருந்தால் அதையும் செய்து, முதலிலிருந்து பேர் செய்யுங்கள். இடையில் ஒரு ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து ஆன் செய்தேன், போதாதா என்று கேட்பீர்கள். போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி ஆனில் இருந்தால் விண்டோஸ் ஷட் டவுனில் முழுசாக அணைவதில்லை, தன் உள்நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அடுத்த முறை அதையே எடுத்துக்கொண்டு எழுந்து வருகிறது, கோளாறும் கூடவே வரும். ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் புதிதாக ஏறும்.

டிரைவரை (புளூடூத் போன்ற பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) தானே புதுப்பித்துத் தரும் என்று விளம்பரத்தில் வரும் இலவச மென்பொருள்களைப் போடாதீர்கள். லேப்டாப் கம்பெனியின் சொந்தத் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள்.

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஒருமுறை பெட்டியின் பின்னால் எட்டிப் பாருங்கள். மதர்போர்டில் வைஃபை இருந்தால் புளூடூத்தும் பெரும்பாலும் அதே ஆன்டெனாவைத்தான் நம்பியிருக்கும். அந்த ஆன்டெனா அட்டைப் பெட்டியிலேயே, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல், பரண் மேல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் ஒன்றரை அடி தூரத்தில் ஹெட்போன் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது, இரண்டு திருகு திருகியதும் சமையலறை வரை போனது.

இன்னொன்று, புளூடூத் மவுஸ் வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரின் புளூடூத்துக்கே 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரு' வைத்தியம் செய்வது. ஆஃப் ஆகிவிடும். ஆன் செய்ய மவுஸ் இருக்காது. லேப்டாப் என்றால் டச்பேட் காப்பாற்றும். மற்றவர்கள் கீபோர்டில் விண்டோஸ் பொத்தானோடு ஏ-யை அழுத்தினால் சின்னப் பலகை ஒன்று திறக்கும், அம்புப் பொத்தான்களால் புளூடூத்துக்குப் போய் ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். கீபோர்டும் புளூடூத்தா? அப்படியானால் பக்கத்து வீட்டில் வயர் வைத்த மவுஸ் ஒன்று இரவல் கேட்க வேண்டியதுதான்.