பரணிலிருந்து இறங்கிய பெட்டி: ஹோலோகாஸ்ட் குடும்பக் காகிதங்களைக் காப்பகத்தில் சேர்க்கும் முறை

லண்டனில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது. அவருடைய தாயார் 1939-இல், பன்னிரண்டு வயதுச் சிறுமியாகப் பெர்லினில் தனியே ரயிலேறி இங்கே வந்தவர். 1938 டிசம்பரில் தொடங்கி மறு ஆண்டு போர் மூளும்வரை, நாஜிகளின் பிடியிலிருந்து, பெரும்பாலும் யூதர்களான ஏறக்குறைய 10,000 குழந்தைகளை பிரிட்டனுக்குக் கொண்டுவந்த ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’டில் அவரும் ஒருவர். பெற்றோர் பெர்லினிலேயே இருந்துவிட்டார்கள். நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலையான ஹோலோகாஸ்டின் நடுவே, 1942-க்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

தாயார் மறைந்தபின் பரணிலிருந்து ஒரு தோல்பெட்டி இறங்கியது. கடிதங்கள், செஞ்சிலுவைச் சங்கப் படிவங்கள், ஓர் ஆல்பம், யூதர் என்பதைக் குறிக்கும் சிவப்பு ‘ஜே’ முத்திரை குத்திய அடையாளச் சீட்டு, கடைசிக் காலத்தில் அந்தத் தாயார் பேசிப் பதிவான இரண்டு கேசட்டுகள். எனக்கு ஸ்கேனர் பழக்கம் உண்டு என்பதால் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். எட்டு மாதம் கழித்து அவை அனைத்தும் ஒரு காப்பகத்தில் சேர்ந்தன. இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்காக வழிமுறையை எழுதிவைக்கிறேன்.

முதல் படி: எதையும் அடுக்காதீர்கள்

நான் தவறு செய்தது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் நாள் மாலையே கடிதங்களை உறைகளிலிருந்து எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். உறைகளை ஒரு ரப்பர் பட்டையில் கட்டித் தனியே வைத்தேன். மேசை அழகாக இருந்தது. பிறகு காப்பகத்துக்குப் போனபோது அங்கிருந்த அலுவலர் ஓர் உறையை எடுத்து, “இது எந்தக் கடிதத்தின் உறை?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

உறை ஏன் முக்கியம்? வீட்டுக்கு எழுதுகிறவர்கள் பல நேரம் ‘ஞாயிறு மாலை’ என்று மட்டும் எழுதிவிட்டுத் தொடங்குவார்கள். ஆண்டும் மாதமும் உறையின் தபால் முத்திரையில்தான் இருக்கும். போர் தொடங்கியதும் பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் இடையே நேரடித் தபால் நின்றுபோனது. நடுநிலை நாடுகள் வழியாகச் சுற்றித்தான் கடிதம் வரவேண்டும். நடுநிலை நாடான போர்ச்சுகலின் லிஸ்பன் நகரின் 506-ஆம் எண் தபால் பெட்டி உறையில் இருந்தால், அது தாமஸ் குக் என்ற பயண நிறுவனம் நடத்திய இடைவழித் தபாலில் வந்தது என்று தெரிந்துகொள்ளலாம். தணிக்கையாளர் பிரித்துப் படித்துவிட்டு ஒட்டிய பட்டியும், எந்த நாட்டுத் தணிக்கை என்பதும் உறையில்தான் இருக்கும். அதாவது, ஒரு தாய் மகளுக்கு எழுதிய கடிதத்தை எத்தனை அந்நியர் படித்தார்கள் என்பதற்கு அந்த உறைதான் சாட்சி. அதைத்தான் நான் பிரித்துவிட்டேன்.

மடிப்புத் தடம், மையின் நிறம், காகிதத்தின் அளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, மூன்று வார இறுதிகள் உட்கார்ந்து உறைகளையும் கடிதங்களையும் மறுபடி சேர்த்தேன். ஒன்பது உறைகளுக்கு இன்றுவரை ஜோடி கிடைக்கவில்லை.

ஆகவே பெட்டியைத் திறந்தவுடன் கைப்பேசியில் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். ஒவ்வோர் அடுக்கை எடுக்கும்போதும் இன்னொரு படம். ஒன்றோடொன்று கட்டியிருந்தவை, ஒன்றுக்குள் ஒன்று செருகியிருந்தவை எல்லாவற்றையும் அப்படியே வைத்து எண் கொடுங்கள். ஆல்பத்திலிருந்து புகைப்படங்களைப் பிய்க்கவே கூடாது. எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்தப் படத்தை ஒட்டினார் என்பதும் அவர் விட்டுச்சென்ற செய்திதான். பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். படம் தானாகக் கழன்று விழுந்தால் மட்டும் அதன் பின்புறத்தையும் எடுங்கள். ஸ்டுடியோவின் பெயரும் ஊரும் அங்கே இருக்கக்கூடும்.

இரண்டாம் படி: கையும் உறையும்

வெள்ளைப் பருத்திக் கையுறை வேண்டாம். காகிதத்துக்குக் கழுவி உலர்த்திய வெறும் கையே நல்லது. கையுறை போட்டால் விரலுக்குத் தொடு உணர்வு குறையும், ஓரம் கிழியும். புகைப்படத்துக்கும் நெகட்டிவுக்கும் நைட்ரைல் கையுறை போடுங்கள். துருப்பிடித்த குண்டூசி காகிதத்தோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், காப்பகத்தார் பார்த்துக்கொள்வார்கள். செல்லோ டேப் ஒட்டவும் கூடாது, உரிக்கவும் கூடாது. குறிப்பு எழுத மென்மையான பென்சில் போதும். அதையும் மூலப் பொருளில் எழுதாமல் அதை வைக்கும் உறையில் எழுதுங்கள்.

அமிலமில்லாத காகித உறைகளும் அட்டைப்பெட்டியும் வாங்குங்கள். புகைப்படத்துக்குப் பாலியெஸ்டர் உறை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பிவிசி உறைகள் நாளடைவில் படத்தைக் கெடுக்கும். பெட்டி பரணுக்கோ நிலவறைக்கோ திரும்பக் கூடாது. ஆட்கள் புழங்கும் அறையின் அலமாரியே ஏற்ற இடம்.

ஈரம் என்ன செய்யும் என்பதற்கு, போலந்தின் வார்சாவில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த கெட்டோ பகுதியின் ஆவணங்களே எடுத்துக்காட்டு. வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கல்பிளமும் அவருடைய தோழர்களும், தங்கள் மக்களுக்கு நடப்பதை நாள்தோறும் எழுதியும் சேகரித்தும் மண்ணுக்குள் புதைத்தார்கள். 1946 செப்டம்பரில் தோண்டியெடுத்த தகரப் பெட்டிகளுக்குள் நீர் புகுந்திருந்தது. 1950 டிசம்பரில் கிடைத்த பால் கேன்களுக்குள் இருந்த காகிதங்கள் அவற்றைவிட நல்ல நிலையில் இருந்தன. மூன்றாவது புதையல் இன்னும் கிடைக்கவில்லை. அந்தக் குழுவில் தப்பிப் பிழைத்தவர்கள் ஒரு சிலரே. சாவை எதிரே வைத்துக்கொண்டு காகிதத்தைக் காத்தவர்களை நினைக்கும்போது, நாம் ஒரு நல்ல பெட்டி வாங்கத் தயங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாம் படி: ஸ்கேன்

தட்டையான கண்ணாடி கொண்ட ஸ்கேனர் மட்டுமே. தாளை உள்ளே இழுக்கும் வகையை இந்தக் காகிதங்களின் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். மிக மெல்லிய, மலிவான ஸ்கேனர்களில் சுருண்ட புகைப்படம் மங்கலாகத் தெரியும். கொஞ்சம் பருமனான எப்சன் வி600 எனக்குத் திருப்தியாக இருந்தது. கடிதத்துக்கு அங்குலத்துக்கு 400 புள்ளி, புகைப்படத்துக்கு 600. கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்திலேயே எடுத்து, டிஃப் (TIFF) கோப்பாகச் சேமியுங்கள். ‘தானாகச் சீராக்கு’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் இருபுறமும் ஸ்கேன் செய்ய வேண்டும். போர்க்காலத்தில் பிரிந்த குடும்பங்கள் செய்தி அனுப்பிய செஞ்சிலுவைச் சங்கப் படிவத்தில் 25 சொற்களுக்கு மேல் எழுத அனுமதி இல்லை. பதிலை அதே தாளின் பின்புறத்தில் எழுதித் திருப்பி அனுப்புவார்கள். நான் முதலில் முன்புறத்தை மட்டும் எடுத்து முடித்திருந்தேன். மகள் கேட்ட கேள்விகளெல்லாம் என் கணினியில் இருந்தன, தாய் சொன்ன பதில் ஒன்றுகூட இல்லை. பதினோரு படிவங்களையும் மறுபடி எடுத்தேன்.

நான்காம் படி: குரல்

கேசட்டை இயந்திரத்தில் போடும் முன் அதன் முதுகில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். தவறிப்போய்ப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் குரல் அழியாது. குரலைக் கணினிக்கு மாற்ற ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளே போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ், வேவ் (WAV) கோப்பு. இரைச்சலை நீக்கும் ஆசை வரும். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், படி எடுத்து அதில் செய்யுங்கள்.

தப்பிப் பிழைத்தவர் உங்கள் எதிரே உட்கார்ந்து பேசும் பேறு வாய்த்தால், நாஜிகளின் வதைமுகாமைப் பற்றிக் கேட்டுத் தொடங்காதீர்கள். அவர் வளர்ந்த தெருவைப் பற்றிக் கேளுங்கள். 1994-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் நிறுவிய ஷோவா அறக்கட்டளை பல்லாயிரம் சாட்சியங்களைப் பதிவு செய்தது. போருக்கு முன், போர்க்காலம், போருக்குப் பின் என்று வாழ்க்கை முழுவதையும் கேட்பதே அதன் முறை. கடைசியில் குடும்பப் புகைப்படங்களைக் கேமராவுக்குக் காட்டி, படத்தில் இருப்பவர் யார் என்று அவரே சொல்வார். அந்தப் பழக்கத்தை நீங்களும் கைக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத படம் பாதிப் படம்தான்.

அவர் மௌனமானால் நீங்களும் மௌனமாக இருங்கள். தேதியைத் தவறாகச் சொன்னால் குறுக்கே திருத்தாதீர்கள், தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரை அவர் சொன்னபடியே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் சேருங்கள். அவர் லெம்பெர்க் என்பார், வேறொருவர் லிவூஃப் என்பார், வரைபடத்தில் லிவிவ் என்று இருக்கும். மூன்றும் ஒரே ஊர்தான்.

ஐந்தாம் படி: எங்கே கொடுப்பது

லண்டனில் வீனர் ஹோலோகாஸ்ட் நூலகம் இருக்கிறது. ஆல்ஃபிரட் வீனர் 1933-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, 1939-இல் லண்டனுக்குக் கொண்டுவந்த தொகுப்பு அது. ஜெருசலேமில் யாத் வஷேம் என்ற ஹோலோகாஸ்ட் நினைவகம், வாஷிங்டனில் அமெரிக்க ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகம். மூன்றுமே குடும்பக் காகிதங்களை ஏற்கின்றன. முதலில் மின்னஞ்சலில் பட்டியலும் நான்கைந்து படங்களும் அனுப்பிக் கேளுங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்க வேண்டாம்.

மூலப் பொருள்கள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகட்டும். கடிதம் ஓர் ஊரிலும் ஆல்பம் இன்னோர் ஊரிலுமாகப் பங்கிடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒருமுறை சிதறிய குடும்பம் அது. மற்ற நிறுவனங்களுக்கு ஸ்கேன் படிகள் போதும்.

கொடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பொறுமையாகப் படியுங்கள். காகிதம் உங்களுடையதாக இருக்கலாம், எழுதியவரின் பதிப்புரிமை அவருடைய வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்தது. உயிருடன் இருப்பவர்களின் அந்தரங்கச் செய்தி இருந்தால், குறிப்பிட்ட ஆண்டுகள் மூடிவைக்கும்படி கேட்க உரிமை உண்டு.

இதோடு ஜெர்மனியின் பாட் அரோல்சன் நகரிலுள்ள அரோல்சன் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு விண்ணப்பம் போடுங்கள். ஏறக்குறைய 1.75 கோடிப் பேரைப் பற்றிய ஆவணங்கள் அங்கே இருக்கின்றன, தேடித்தரக் கட்டணம் இல்லை. பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். 1939 முதல் யூத ஆண்கள் ‘இஸ்ரயேல்’ என்றும் பெண்கள் ‘சாரா’ என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே இருந்தது. அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம்.

பின் சேர்க்கை 1: பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கவே முடியவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். அது குர்ரென்ட் அல்லது சூட்டர்லின் எழுத்தாக இருக்கும். இன்றைய ஜெர்மானியரிலும் பலர் அதைப் படிக்கத் திணறுவார்கள். டிரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருள் முதல் வரைவு தரும். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தாமல் காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள்.

பின் சேர்க்கை 2: ஸ்கேன்களை வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பி, பிறகு அந்தப் படத்தையே காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டதாக ஒருவர் எழுதினார். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். டிஃப் மூலங்களை இரண்டு வன்தட்டுகளில், இரண்டு வீடுகளில் வையுங்கள். கொடுக்கும்போது வன்தட்டிலிருந்து நேரடியாகக் கொடுங்கள்.

பின் சேர்க்கை 3: டொராண்டோவில் முதியோர் இல்லத்தில் பணிபுரியும் நம் சகோதரி ஒருவர் கேட்டது: “நான் கவனித்துக்கொள்ளும் பெரியவர் சில இரவுகளில் முகாமைப் பற்றிப் பேசுகிறார். பதிவு செய்யலாமா?” பகலில், அவர் தெளிவாக இருக்கும்போது அவரிடமே கேளுங்கள் அம்மா. குடும்பத்தாரிடமும் இல்லத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இரவில் தானாக வருகிற பேச்சைப் பதிவு செய்யாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சம்மதித்த நாளில், பதிவுக் கருவியை அவர் கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். நிறுத்தும் பொத்தான் எது என்று அவருக்கு முதலில் காட்டுங்கள்.