குடித்துவிட்டு ஷிப்டுக்கு வருபவரை சூப்பர்வைசர் கையாளும் முறை

ஓசூர் சிப்காட்டில் உலோகத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பிலோ கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையிலோ ஒருவர் தள்ளாடி வந்தால், முதலில் அவரை மெஷினிலிருந்து விலக்குங்கள். விசாரணை பிறகு. நாலு பேர் முன்னால் திட்டாமல், இன்னொரு பொறுப்பாளரைச் சாட்சியாக வைத்துத் தனியறையில் பேசுங்கள்.

குளறல், நடுக்கம், குழப்பம் என்றாலே குடி என்று முடிவுகட்டாதீர்கள். ரத்தச் சர்க்கரை இறங்கினாலும், தலையில் அடிபட்டாலும் அப்படியே தெரியும். சந்தேகம் இருந்தால் உடனே முதலுதவி அறைக்கு. மூச்சில் மது அளவு காட்டும் ஊதும் கருவி இருந்தால், வாய் கொப்பளிக்க வைத்து 15 நிமிடம் கழித்தே ஊதச் சொல்லுங்கள். மவுத்வாஷ் போட்டிருந்தால்கூட அளவு கூடுதலாகக் காட்டும். பதிவேட்டில் ‘குடிகாரர்’ என்று எழுதாமல் நேரம், நடை, பேச்சு, வாடை எனக் கண்டதை மட்டும் எழுதுங்கள். உள்விசாரணையில் நிற்பது அதுதான். பைக் சாவியை வாங்கிவைத்து, வீட்டாரை வரவழைத்து அனுப்புங்கள்.

தெளிந்தபின் பேசும்போது, “நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடக்கூடாது” என்று மிரட்டுவதுதான் பெரிய தவறு. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால் முதல் 48 மணி நேரத்தில் வலிப்பு வரலாம். அடுத்த நாட்களில் பிதற்றல், இல்லாத உருவம் தெரிவது என உயிருக்கே ஆபத்தாகலாம். தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர் பார்வையில் நிறுத்தட்டும். அதற்கு விடுப்பு கொடுங்கள். வலிப்பென்றால் 108. மனநல ஆலோசனைக்கு 14416.

திரும்பி வந்தவரைச் சில வாரம் பிரஸ், கிரேன், நைட் ஷிப்ட் பக்கம் விடாதீர்கள்.